வெயிலும் சர்க்கரையும்: தசைக்குள் குளுக்கோஸ் நுழைந்த கதை

நம் பழைய மாணவர் சந்திப்புகளில் ஒரு மாற்றத்தை நீங்களும் கவனித்திருப்பீர்கள். முதல் சில ஆண்டுகளில் "எங்கே வேலை? எவ்வளவு சம்பளம்?" என்று தொடங்கிய பேச்சு, பிறகு "பையன் என்ன படிக்கிறான்?" என்று மாறி, இப்போது "சுகர் எவ்வளவுப்பா இருக்கு?" என்பதில் வந்து நிற்கிறது. அண்மைக் காலமாக அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. "வைட்டமின் டி பார்த்தியா? எனக்குப் பதினொண்ணுதான் இருக்காம். அதைச் சரி பண்ணிட்டா சுகரும் தானா இறங்கிடுமாமே?"

இந்தக் கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு, பின்னாளில் உயிர்வேதியியல் பாடம் நடத்தியே காலத்தை ஓட்டியவன் என்பதால், இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். "ஆமாம்" என்றோ "இல்லை" என்றோ ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் வகுப்புத் தோழர் ஒருவர், வாரம் ஒரு பாக்கெட் 60,000 யூனிட் பொடியைப் பாலில் கலந்து குடித்துக்கொண்டு, "இனிமே எதுக்கு சுகர் மாத்திரை?" என்று தாமாகவே நிறுத்திவிட்டார். மூன்று மாதம் கழித்துக் கால் விரலில் புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். விரல் பிழைத்தது, அது அவர் அதிர்ஷ்டம். ஆகவே கேள்வி சாதாரணமானதல்ல. அதன் விடையை வரலாற்றோடு சேர்த்துச் சொல்வதே நல்லது என்று நினைக்கிறேன்.

கோணிய கால்கள்

முதலில் வைட்டமின் டி-யின் கதை. இது சர்க்கரையில் தொடங்கவில்லை, எலும்பில் தொடங்கியது. 1645-இல் டேனியல் விஸ்லர், 1650-இல் ஃபிரான்சிஸ் கிளிசன் என்னும் இரு ஆங்கிலேய மருத்துவர்கள், குழந்தைகளின் கால் எலும்பு வில்லாக வளையும் ரிக்கெட்ஸ் நோயைப் பற்றி எழுதிவைத்தார்கள். தொழிற்சாலைகள் பெருகி, புகை வானத்தை மூடிய காலத்தில் ஐரோப்பிய நகரங்களில் இந்நோய் மலிந்தது.

1822-இல் போலந்து நாட்டு மருத்துவர் ஷ்னியாடெட்ஸ்கி ஒன்றைக் கவனித்தார். வார்சா நகரத்துச் சந்துகளில் வளரும் குழந்தைகளுக்கு வருகிற இந்த நோய், சுற்றுப்புறக் கிராமத்துக் குழந்தைகளுக்கு ஏன் வருவதில்லை? வெயில்தான் வித்தியாசம் என்று அவர் எழுதினார். 1890-இல், ஜப்பானில் மருத்துவப் பணி செய்துவிட்டு இங்கிலாந்து திரும்பிய தியோபால்ட் பாம் என்பவரும் இதையே சொன்னார். ஜப்பானில் தாம் காணாத நோய் தம் சொந்த ஊரில் இத்தனை குழந்தைகளுக்கு இருப்பானேன் என்று யோசித்து, பல நாடுகளில் இருந்த மருத்துவர்களிடம் கடிதம் மூலம் கேட்டறிந்து, வெயில் குறைந்த இடமே நோயின் இடம் என்று முடிவு கட்டினார். அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் காசு கொடுக்காமல் கிடைப்பது; அதை மருந்து என்றால் யார் மதிப்பார்கள்?

1919-இல் இரண்டு நகரங்களில் இரண்டு பேர் இரண்டு வழிகளில் ரிக்கெட்ஸைக் குணப்படுத்திக் காட்டினார்கள். லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி, நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே வளர்த்து நோய் வரவழைத்து, காட் மீனின் ஈரல் எண்ணெய் கொடுத்துத் தீர்த்தார். பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, நோயுற்ற குழந்தைகள்மீது விளக்கின் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சித் தீர்த்தார். ஒரு கையில் மட்டும் ஒளி பட்டபோதும் மறு கையின் எலும்பும் தேறியது. ஒளி பட்ட தோலில் ஏதோ ஒன்று உண்டாகி இரத்தத்தில் கலந்து போகிறது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

மீன் எண்ணெயில் உள்ள அந்தப் பொருள் வைட்டமின் ஏ என்றே முதலில் எண்ணினார்கள். 1922-இல் அமெரிக்காவின் மெக்காலம், எண்ணெயைச் சூடாக்கிக் காற்றைச் செலுத்தி வைட்டமின் ஏ-யை அழித்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் ரிக்கெட்ஸ் குணமாயிற்று. ஏ, பி, சி மூன்றும் ஏற்கெனவே பெயர் பெற்றுவிட்டதால் இதற்கு 'டி' என்று பெயர். 1928-இல் ஜெர்மனியின் அடால்ஃப் விண்டவுஸுக்கு இத்துறை ஆய்வுக்காக வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கதை அத்துடன் முடியவில்லை. 1968-இலிருந்து 1971-க்குள் டெலூகா, கோடிசெக், நார்மன் ஆகியோரின் ஆய்வுக்கூடங்கள், தோலில் உண்டாகும் இந்தப் பொருள் முதலில் கல்லீரலிலும் பிறகு சிறுநீரகத்திலும் மாற்றம் பெற்று, முடிவில் ஒரு ஹார்மோனாகவே வேலை செய்கிறது என்று கண்டன. பெயர்தான் வைட்டமின், செயலோ ஹார்மோன்! ஹார்மோன் என்றால் அது எலும்போடு நிற்கவேண்டிய அவசியமில்லையே. அதற்கான ஏற்பி எந்தெந்த உறுப்பில் இருக்கிறது என்று தேடத் தொடங்கினார்கள்.

சர்க்கரை எங்கே போகிறது?

இனி இரண்டாவது கதை. 1889-இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மெரிங், மின்கோவ்ஸ்கி இருவரும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள். அதற்குக் கடும் நீரிழிவு வந்துவிட்டது. 1921-இல் டொரான்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுக்கும் வேலையில் இறங்கினார்கள். 1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி. அது சரிப்பட்டு வரவில்லை. காலிப் என்பவர் மருந்தை மேலும் தூய்மைப்படுத்திக் கொடுக்க, ஜனவரி 23 அன்று போட்ட ஊசி பலித்தது. இதெல்லாம் நம்மில் பலருக்குத் தெரிந்த கதைதான்.

அவ்வளவாகத் தெரியாதது அதற்குப் பிந்திய கதை. இன்சுலின் இரத்தத்திலிருந்து சர்க்கரையைக் குறைக்கிறது, சரி. அந்தச் சர்க்கரை எங்கே போகிறது? 1926-இல் லண்டன் மருத்துவர் ஆர். டி. லாரன்ஸ் ஒரு குறிப்பு வெளியிட்டார். அவரே நீரிழிவு நோயாளி. இன்சுலின் வந்ததால் உயிர் பிழைத்தவர். உடலுழைப்போடு சேர்த்துப் போட்டால் இன்சுலின் கூடுதலாக வேலை செய்கிறது என்பது அவர் கண்டது. அதாவது சர்க்கரை போகும் இடம் தசை என்பதற்கு அது ஒரு ஜாடை.

1936-இல் அதே லண்டனில் ஹிம்ஸ்வொர்த், நோயாளிகளுக்குக் குளுக்கோஸையும் இன்சுலினையும் ஒரே சமயத்தில் கொடுத்துப் பார்த்தார். சிலருக்குச் சர்க்கரை கட்டுப்பட்டது. சிலருக்கோ இன்சுலின் இருந்தும் ஏறியது. ஆகவே நீரிழிவு ஒன்றல்ல, இரண்டு. ஒருவகையில் இன்சுலின் இல்லை, மறுவகையில் இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்பதில்லை என்றார். இன்று நம்மில் பெரும்பாலோருக்கு இருக்கும் 'டைப் 2' இந்த இரண்டாம் வகையே.

கதவைக் கண்டவர்கள்

விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் தவளையின் கெண்டைக்கால் தசையை எடுத்து, கரி படிந்த தாள் சுற்றிய கைமோகிராஃப் உருளையில் அது துடிப்பதைக் கோடாக வரைந்தது என் காலத்து மாணவர்களுக்கு நினைவிருக்கும். (இப்போதைய மாணவர்களுக்கு அந்தப் பாவம் இல்லை!) அந்தத் துடிப்புக்கு எரிபொருள் வேண்டும். குளுக்கோஸ் தசைச் செல்லுக்குள் எப்படி நுழைகிறது என்பதை அன்றைய பாடப்புத்தகம் நாலு வரியில் முடித்துக்கொண்டது. காரணம், முழு விடை அப்போது உலகத்துக்கே தெரியாது.

முதல் துப்பு 1949-இல் சிகாகோவில் கிடைத்தது. ரக்மியல் லெவினும் கூட்டாளிகளும், வயிற்று உறுப்புகள் அகற்றப்பட்ட நாய்களுக்கு காலக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செலுத்தினார்கள். தசையால் அதைச் செலவழிக்க முடியாது. ஆனாலும் இன்சுலின் கொடுத்ததும் அது இரத்தத்தை விட்டுச் செல்களுக்குள் பரவியது. ஆகவே இன்சுலினின் வேலை அடுப்பை ஊதுவதல்ல, வாசலைத் திறப்பது என்று விளங்கிற்று.

சரி, கதவு எங்கே? 1980-இல் அமெரிக்காவில் குஷ்மன்-வார்ட்சாலா, சுசுகி-கோனோ என்ற இரு குழுக்கள் தனித்தனியாக விடை கண்டன. கொழுப்புச் செல்லில் அவர்கள் கண்டது பின்னர் தசைக்கும் பொருந்தியது. நம் வீட்டுக் கதவு எப்போதும் சுவரிலேயே இருக்கும். இந்தச் செல்லின் கதவோ உள்ளறையில் மூட்டையாகக் கிடக்கும். இன்சுலின் வந்து வெளியில் மணியடித்தால், உள்ளிருந்து கதவைத் தூக்கிவந்து சுவரில் பொருத்துவார்கள், குளுக்கோஸ் நுழையும். மணி ஓய்ந்தால் கதவு மறுபடி உள்ளே போய்விடும். 1989-இல் பல ஆய்வுக்கூடங்கள் அந்தக் கதவுக்கான மரபணுவையே பிரித்தெடுத்தன. அதற்கு குளுட்-4 என்று பெயர்.

டைப் 2 நீரிழிவில் நடப்பது இதுதான்: மணி அடிக்கிறது, உள்ளே இருப்பவர்களுக்குக் காது மந்தம். 1979-இல் டிஃப்ரான்சோவும் ஆண்ட்ரஸும் செம்மைப்படுத்திய ஒரு முறையால் இந்தக் காதடைப்பை அளக்கவும் முடிந்தது. இன்சுலின் கொடுக்கும்போது உடம்பு எடுத்துக்கொள்ளும் குளுக்கோஸில் பெரும்பங்கு தசைக்கே போகிறது என்றும், நீரிழிவில் முதலில் குறைவதும் அதுவே என்றும் அதன் மூலம் தெளிவாயிற்று.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. 1980-களின் ஆய்வுகள் இரண்டாவது மணி ஒன்று இருப்பதைக் காட்டின. தசை சுருங்கி விரிந்தாலே போதும், இன்சுலின் இல்லாமலும் கதவுகள் சுவருக்கு வந்துவிடும். காது மந்தமானவருக்கும் இந்த மணி கேட்கும்! லாரன்ஸ் 1926-இல் ஜாடையாகச் சொன்னதற்கு அறுபது ஆண்டு கழித்து விளக்கம் கிடைத்தது.

இரு கதைகளும் சந்தித்த இடம்

கதவு கண்டுபிடித்த அதே 1980-இல்தான் வைட்டமின் டி-யும் சர்க்கரைக் கதைக்குள் நுழைந்தது. கலிஃபோர்னியாவில் நார்மனும் குழுவினரும், வைட்டமின் டி இல்லாமல் வளர்த்த எலிகளின் கணையம் ஏறக்குறைய பாதி அளவு இன்சுலினையே சுரக்கிறது என்று காட்டினார்கள். 1985-இல் தசைச் செல்களிலும் வைட்டமின் டி ஏற்பி இருக்கிறது என்று அறிக்கை வந்தது. 2008-இல் சீன ஆய்வாளர்கள், கொழுப்பு அமிலத்தில் ஊறவைத்து இன்சுலினுக்குச் செவிடாக்கிய எலித் தசைச் செல்களுக்கு வைட்டமின் டி ஹார்மோனைக் கொடுத்தபோது அவை மீண்டும் குளுக்கோஸை உறிஞ்சத் தொடங்கியதைக் கண்டார்கள். 2012-இல் அமெரிக்காவின் லூசியானாவில், வளர்ப்புத் தட்டில் உள்ள கொழுப்புச் செல்களில் வைட்டமின் டி குளுட்-4 கதவை மேலே கொண்டுவருவதாகச் செய்தி வந்தது.

இந்த இடத்தில் மாணவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 2011-இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. தசையில் ஏற்பி இருக்கிறது என்று காட்டப் பயன்படுத்திய எதிர்ப்பொருள்கள் வேறு புரதங்களிலும் ஒட்டிக்கொள்கின்றன, ஆகவே அந்தச் சான்று செல்லாது என்றது அது. எழுதியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? வைட்டமின் டி ஆராய்ச்சியிலேயே வாழ்நாளைக் கழித்த டெலூகா! தம் துறைக்குப் பெருமை சேர்க்கும் முடிவையே அவர் சந்தேகித்தார். 2014-இல் ஆஸ்திரேலியக் குழு ஒன்று, நுட்பமான முறைகளால் எலித் தசையில் ஏற்பியைக் கண்டது. இளந்தசையில் கூடுதல், வளர்ந்த தசையில் மிகக் குறைவு. கதவுக்கும் வெயிலுக்கும் தொடர்பு இருக்கலாம். ஆனால் அது தட்டில் தெரிந்த அளவுக்கு முதிர்ந்த மனிதத் தசையிலும் தெரியும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மனிதர்களிடம் என்ன நடந்தது?

இங்கேதான் நம்மவர்கள் கதைக்குள் வருகிறார்கள். இங்கிலாந்தில் குடியேறிய தெற்காசியர்களிடம் வைட்டமின் டி குறைவு அதிகம் என்பது 1960-களிலேயே தெரிந்தது. கருத்த தோல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். அங்கே வெயிலும் குறைவு. 1995-இல் பார்பரா பவுச்சரும் குழுவினரும், கிழக்கு லண்டன் ஆசியர்களிடம் இந்தக் குறைவுக்கும் இன்சுலின் சுரப்புக் குறைவுக்கும் தொடர்பிருப்பதை வெளியிட்டார்கள். 2010-இல் நியூசிலாந்தில், இன்சுலின் எதிர்ப்பு உள்ள தெற்காசியப் பெண்கள் 81 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்குத் தினம் 4,000 யூனிட் வைட்டமின் டி, மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. ஆறு மாதத்தில் வைட்டமின் பெற்றவர்களின் இன்சுலின் எதிர்ப்பு குறைந்தது. சுரப்பு மாறவில்லை. ஆக, மணியோசை கூடவில்லை, காது கொஞ்சம் தெளிந்தது.

"அப்புறம் என்ன சார், நிரூபணம் ஆயிடுச்சே!" என்று சொல்லத் தோன்றும். பொறுங்கள். அடுத்து வந்த பெரிய சோதனைகள் வேறு மாதிரி பேசின. 2016-இல் நார்வேயின் டிரோம்சோ நகரில், நீரிழிவின் வாசலில் நின்ற 511 பேருக்கு ஐந்தாண்டுச் சோதனை. வாரம் 20,000 யூனிட். குறிப்பிடத்தக்க பலன் இல்லை. 2019-இல் அமெரிக்காவில் 2,423 பேர். தினம் 4,000 யூனிட். வைட்டமின் சாப்பிட்டவர்களில் 293 பேருக்கு நீரிழிவு வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 323 பேருக்கு. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு இல்லை. அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆரம்பத்திலேயே வைட்டமின் டி போதுமான அளவு இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றினால் வழியத்தானே செய்யும்? மிகக் குறைவாக இருந்த சிலரிடம் மட்டும் பலன் கூடுதலாகத் தெரிந்தது.

2022-இல் ஜப்பானிலும் ஒரு சோதனை நடந்தது. இந்த மூன்றையும் ஒன்றாகக் கூட்டி 2023-இல் கணக்கிட்டபோது, நீரிழிவு வரும் வாய்ப்பு 15 சதவீதம் குறைவதாகத் தெரிந்தது. சதவீதக் கணக்கு ஏமாற்றும். ஆள் கணக்காகச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளில் 100 பேரில் சுமார் 3 பேர் தப்பிக்கிறார்கள். 2024-இல் அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி, நீரிழிவின் வாசலில் நிற்பவர்களுக்கு, நடை உணவுக் கட்டுப்பாட்டோடு சேர்த்து வைட்டமின் டி கொடுக்கலாம் என்று ஆலோசனை சொன்னதும் இதை வைத்துத்தான். கவனியுங்கள்: இது நோய் வராமல் தடுக்க. வந்துவிட்ட நோய்க்கு மாத்திரைக்குப் பதிலாக என்று யாரும் சொல்லவில்லை.

இப்போது நம் சென்னைக் கணக்கைப் பக்கத்தில் வையுங்கள். டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் குழுவினரும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகள் 2006-இல் வெளியாயின. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர். ஒன்றும் மாற்றாமல் இருந்தவர்களில் மூன்று ஆண்டுகளில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் 39 பேருக்கு வந்தது. அதாவது 16 பேர் தப்பித்தார்கள்! வெவ்வேறு மக்களிடம் நடந்த சோதனைகளைத் தராசில் போட்டு நிறுக்கக்கூடாதுதான். இருந்தாலும் 3 எங்கே, 16 எங்கே?

நமக்கு எது?

"வெயில் கொளுத்துற நம்ம ஊர்ல வைட்டமின் டி குறையுமா?" என்பது அடுத்த கேள்வி. குறைகிறது. 2000-இல் வெளியான டெல்லி ஆய்வில், வெளியில் உழைத்த படைவீரர்களைவிட ஆஸ்பத்திரிக்குள் இருந்த டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் குறைவு அதிகம். 2007-இல் வெளியான தென்னிந்திய ஆய்வொன்றில், வயலில் வேலை செய்பவர்களைவிட நகரவாசிகளுக்குக் குறைவு அதிகம். வெயில் ஊருக்கு அடிக்கிறது. நாம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறோம். தேவையான கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது. விடிகாலை ஐந்து மணி வாக்கிங்கிலும் அது கிடைக்காது. அதற்குப் பொழுது நன்றாக ஏறியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். வெளியில் நடமாடுபவருக்கு வெயிலும் கிடைக்கிறது, தசைக்கு வேலையும் கிடைக்கிறது. உடல் பருத்தவருக்கு வைட்டமின் டி கொழுப்பிலேயே தங்கிப்போய் இரத்தத்தில் குறைவாகத் தெரிகிறது. அவருக்கே நீரிழிவும் எளிதில் வருகிறது. எனவே சுகர் உள்ளவரிடம் வைட்டமின் டி குறைவாக இருந்தால், குறைவினால்தான் சுகர் வந்தது என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்ததால் வந்தவையாக இருக்கலாம்!

ஆகவே கேட்ட நண்பர்களுக்கு என் பதில் இது. டாக்டர் பார்த்துக் குறைவு என்று சொன்னால், வைட்டமின் டி-யைச் சரிசெய்துகொள்ளுங்கள். எலும்புக்கும் தசை வலுவுக்கும் அது தேவை. சுகர் குறையும் என்று எண்ணி அளவுக்கு மீறிச் சாப்பிடாதீர்கள். இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அமிர்தமும் அளவுக்கு மிஞ்சினால் நஞ்சுதானே. சுகர் மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். நடப்பதை மட்டும் எவருக்காகவும் விடாதீர்கள்.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். கணக்கின்படி நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். இது தாத்தா பாட்டி நோய் என்று நினைக்க வேண்டாம். ஹாஸ்டல் கட்டிலில் போனும் கையுமாகக் கிடக்கும் நேரத்தில் பாதியை மைதானத்துக்குக் கொடுத்தால், இரண்டாவது மணி உங்கள் தசைக்குள் ஒலித்துக்கொண்டே இருக்கும். அதற்கு மருந்துச் சீட்டு வேண்டாம்.

உங்களில் சிலர் ஆராய்ச்சிக்குப் போவீர்கள். ஷ்னியாடெட்ஸ்கி கண்ணால் கண்டதை உலகம் ஒப்புக்கொள்ள ஏறக்குறைய நூறாண்டு ஆயிற்று. அதே உலகம், தட்டில் கண்டதை மனிதனுக்கும் பொருத்த அவசரப்பட்டது. பொறுமையாக 2,423 பேரைச் சேர்த்து எண்ணிப் பார்த்தபோதுதான் அளவு தெரிந்தது. தசைக்குள் வைட்டமின் டி உண்மையில் என்ன செய்கிறது, குறைவு மிகுந்த நம் மக்களிடம் அதைச் சரிசெய்தால் எவ்வளவு பலன் என்ற கேள்விகள் இன்னும் திறந்தே கிடக்கின்றன. அவற்றுக்கு விடை காணும் பெயர்களில் ஒன்று நம் கல்லூரி வருகைப் பதிவேட்டிலிருந்து வரட்டும்.